மூடிய இலக்கத்திலிருந்து வந்த அழைப்பு

இரண்டு வருடங்களுக்கு முந்திய மாசி மாதம். யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஒரு சின்ன மீனவக் கிராமம், அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கத்தின் ஒற்றை அறை அலுவலகம். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லமாட்டேன். அவர்களில் சிலர் இன்றைக்கும் அந்தக் காலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நான் உடுவிலில் வீட்டிலிருந்தபடியே இணையத்தளங்கள் செய்து கொடுப்பவள். எங்கள் குடும்பத்துக்குத் தோட்டம் தெரியும், கடல் தெரியாது. அப்படியிருந்தும் அந்தச் சங்கத்துக்கு ஒரு சின்ன இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். கடலுக்குப் போகிறவர் தன் போனில் படகின் இலக்கம், எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று நிரப்பிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் ‘கரை சேர்ந்தாச்சு’ என்ற பொத்தானை அமத்துவார். நடுக்கடலில் ஆபத்தென்றால் ‘உதவி’ என்று ஒரு சிவப்புப் பொத்தான், பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுத ஒரு பெட்டி. அதை அமத்தினால் அலுவலகக் கணினியில் மணி அடிக்கும், படகு நிற்கும் இடம் வரைபடத்தில் புள்ளியாக வரும். சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் போதும் என்று பக்கத்தை மிக இலேசாகச் செய்திருந்தேன். குரல் போகாத இடத்திலிருந்தும் விட்டு விட்டாவது செய்தி வந்து சேரும்.

தொடக்கத்தில் அந்தப் பக்கம் பட்ட பாடு சொல்லி மாளாது. ‘எங்கே போகிறீர்கள்’ என்று கேட்டால் ‘கடலுக்கு’ என்று எழுதுவார்கள். படகின் இலக்கம் கேட்ட இடத்தில் ஒருவர் தன் பிறந்த திகதியைப் போட்டிருந்தார். வீட்டுக் குழந்தைகள் போனை வைத்து விளையாடி உதவிப் பொத்தானை அமத்த, நாலைந்து படகுகள் எண்ணெயைக் கொட்டி ஒன்றுமில்லாத கடலைச் சுற்றிவிட்டு வந்தன. அதற்குப் பிறகு நான் கடுமையாகிவிட்டேன். சங்கப் பதிவில் உள்ள இலக்கம் என்றால்தான் பக்கம் உள்ளே விடும். இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி காட்டித் திருப்பி அனுப்பிவிடும். “உன்ரை பக்கம் வாசலிலை நாயைக் கட்டி வைச்ச வீடு மாதிரி” என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார். எனக்கு அதில் பெருமைதான்.

திருப்பி அனுப்பப்பட்டவை எல்லாம் பிழைப் பதிவு என்று ஒரு மூலையில் போய் விழும். அதை நான் மட்டும்தான் பார்க்கலாம். பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

அன்றைக்குச் சிலருடைய போனில் பக்கம் சிக்கி நிற்கிறது என்று சங்கச் செயலாளர் கூப்பிட்டிருந்தார். கடும் பனிப்புகார், ஊரையே வெள்ளையாக மூடியிருந்தது. மருதனார்மடம் சந்தியைத் தாண்டும்போது எதிரே வந்த பஸ் மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்கூட்டியின் லைற்றைப் போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். வெயில் ஏறவேண்டிய நேரமாகியும் புகார் விலகவில்லை. சங்க அலுவலகத்தின் ஜன்னல் கடலைப் பார்த்து இருப்பது. அன்றைக்கு அந்த ஜன்னலில் கடல் இல்லை. கரையில் ஏற்றி வைத்திருந்த முதல் வரிசைப் படகுகள் தெரிந்தன, அதற்கப்பால் வெள்ளை. எங்கேயோ ஓர் எஞ்சின் சத்தம் கேட்டு நின்றது. அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லமுடியவில்லை.

“நல்ல காலம் பிள்ளை, விடியப் போன எல்லாரும் வந்திட்டினம்” என்றார் செயலாளர். திரையில் எல்லாப் படகுகளுக்கும் நேரே ‘கரையில்’ என்றிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், கடலில் பாதி வாழ்க்கை போனவர், நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பின்னால் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தா. சுவரில் மாதா படம், அதற்கு முன்னால் ஒரு சின்ன மின்குமிழ்.

பக்கம் ஏன் சிக்குகிறது என்று தேடுவதற்காகத்தான் பிழைப் பதிவைத் திறந்தேன். அன்றைய வரிகளைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. ஒரே இலக்கம் வரிசையாக விழுந்து கிடந்தது. எல்லாமே உதவிப் பொத்தான். திரும்பவும் யாரோ ஒரு குழந்தையின் வேலை என்று நினைத்தேன்.

“அண்ணை, இது ஆற்றை நம்பர்?” என்று கேட்டுவிட்டு இலக்கத்தை வாய்விட்டு வாசித்தேன்.

பின்னால் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. செயலாளர் என்னைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. “உந்த நம்பரை வாயாலை சொல்லாதையும் பிள்ளை” என்றார், மிக மெதுவாக.

அக்காதான் வந்து சொன்னா. “அது என்ரை மனுசனின்ரை போட்.”

அவவின் கணவர் கடலில் இறந்தவர் என்று எனக்குத் தெரியும், எப்படி என்று தெரியாது. அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்கு முந்திய வருடம் ஒரு காலை படகு மட்டும் தனியாகக் கரைக்கு வந்ததாம். வலை உள்ளே இருந்தது, சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் இருந்தது, ஆளில்லை. ஆள் பிறகு வேறொரு கரையில் ஒதுங்கினார். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைவிட்டுத் தனியே வந்த படகைத் திரும்பக் கடலில் இறக்கமாட்டார்கள். அதன் இலக்கத்தையும் யாரும் சொல்லமாட்டார்கள். பூசை வைத்து, சங்கம் கூடி, அந்த இலக்கத்தை மூடிவிட்டார்கள். செயலாளர் கணினியில் ஏதோ ஓர் இலக்கத்தை மூட வழி கேட்டபோது நான்தான் அந்த வசதியைச் செய்து கொடுத்திருந்தேன். யாருக்காக என்று அப்போது நான் கேட்கவில்லை.

“படகு இப்ப எங்கை?” என்று கேட்டேன்.

“என்ரை தம்பி கொண்டுபோய் எங்கையோ கண்காணாத இடத்திலை விட்டிட்டான்” என்றா அக்கா.

நான் கணினிக்காரி. எதற்கும் ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று நினைக்கிறவள். பழைய போன் ஒன்றில் பக்கம் திறந்தபடி கிடந்து, அனுப்பாமல் நின்ற செய்தி இப்போது தானாகப் போகிறது என்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன். “அவரிட்டை இருந்த போன் எங்கை அக்கா?”

“அவரோடைதான் போனது.”

அவ சொல்லி முடிக்கவில்லை, திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. அதே இலக்கம். ஆட்கள்: ஒன்று. பெட்டிக்குள் எழுதியிருந்ததை நான் வாசித்தேன், வாசித்திருக்கக்கூடாது என்று அப்போதே தோன்றியது.

‘கரை தெரியேல்லை.’

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சுடலைக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவள் நான். ஆனாலும் கதிரையைத் திரையிலிருந்து பின்னுக்குத் தள்ளிவிட்டேன். செயலாளர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே அந்த வெள்ளை அப்படியே அசையாமல் நின்றது. அதற்குள் ஏதோ ஒன்று இருந்துகொண்டு எங்களோடு கதைக்கிறது என்ற நினைப்பை என்னால் தள்ளமுடியவில்லை.

“மெசினை நிப்பாட்டும். பங்குச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்றார் செயலாளர். அப்போதுதான் அடுத்த வரியும் விழுந்தது.

‘தண்ணி ஏறுது.’

அக்கா என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று அதை வாசித்தா. ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். அழவில்லை. அவவின் மூச்சு என் கழுத்தில் பட்டது.

“செத்தவனுக்குத் தண்ணியிலை என்ன பயம்?” என்றா. “உது உயிரோடை இருக்கிற ஆரோ.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலை தெளிந்தது. தெளிந்த கையோடு வேறொரு பயம் பிடித்தது. இது மனிதன் என்றால், அவன் இத்தனை நேரமாக உதவி உதவி என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் எழுதிய நிரல் ஒவ்வொரு முறையும் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மணி அடிக்கவில்லை. புள்ளி வரவில்லை. இலக்கம் சரியாக இருந்தால்தான் இடத்தை எடுக்கவேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். ஆகவே பதிவில் அவனுடைய சொற்கள் இருந்தன, அவன் எங்கே என்பது இல்லை. போன் இலக்கமும் கேட்டு வைக்கவில்லை. அந்தப் புகாருக்குள் கண்ணை மூடிக்கொண்டு போய் யாரைத் தேடுவது?

ஒரே வழிதான் இருந்தது. மூடிய இலக்கத்தைத் திறந்துவிட்டால், அவன் அடுத்த முறை அமத்தும்போது செய்தி உள்ளே வரும், இடமும் வரும்.

செயலாளர் மறுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவர் பயந்தது தனக்காக அல்ல. “ஊர் கூடி மூடினது பிள்ளை. நான் தனியத் திறந்துபோட்டு நாளைக்கு ஒரு வீட்டிலை ஒண்டு நடந்தா என்ன பதில் சொல்லுறது?”

“மூடினது என்ரை மனுசனுக்காக” என்றா அக்கா. “திறக்கச் சொல்லுறதும் நான்தான். நீங்கள் திறவுங்கோ தங்கச்சி.”

திறந்தேன். அதோடு நிற்காமல், உதவிப் பொத்தானுக்கு இலக்கத்தைச் சரிபார்க்கும் வரிகளையே அழித்தேன். இனி யார் எதை எழுதினாலும் உள்ளே வரட்டும். என் விரல்கள் பிழை பிழையாகத் தட்டின. புதிய பக்கத்தை ஏற்றிவிட்டு மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

அதுவரை விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்த வரிகள் நின்றுவிட்டன. நான் வழியைத் திறந்துவிட்ட பிறகு நின்றுவிட்டன. அந்தக் காத்திருப்புத்தான் அன்றைக்கு நடந்தவற்றிலேயே மோசமானது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தேநீர் ஆறிப்போனது. அக்கா வாய்க்குள் மாதா மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தா, பாதியில் நிறுத்தித் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினா. போன் செத்துவிட்டதோ, ஆளே போய்விட்டானோ என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பிறகு மணி அடித்தது. நானே தேர்ந்தெடுத்து வைத்த சத்தம்தான், இருந்தும் கதிரையைவிட்டுத் துள்ளி எழுந்துவிட்டேன். வரைபடத்தில் நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. பெட்டிக்குள் இந்த முறை ஒரு வார்த்தையும் இல்லை.

செயலாளர் ஓடினார். நானும் அக்காவும் பின்னால் ஓடினோம். கரையில் நின்ற இளைஞர்கள் எஞ்சினில் கை வைத்துவிட்டார்கள். “எந்த போட் அண்ணை?” என்று ஒருவன் கேட்டான். செயலாளருக்குப் பொய் சொல்ல வரவில்லை. இலக்கத்தைச் சொன்னார். கை எஞ்சினிலிருந்து இறங்கிவிட்டது. அவர்கள் கோழைகள் இல்லை. புயலுக்குள் போகச் சொன்னால் போவார்கள். ஆனால் செத்துப்போன ஒருவனின் இலக்கம் புகாருக்குள்ளிருந்து கூப்பிடுகிறது என்றால் யார்தான் தயங்கமாட்டார்கள்? நானாக இருந்தால் ஓடியே போயிருப்பேன்.

அக்கா முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கிப் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டா. அந்தக் கரையில் பெண்கள் படகில் தொழிலுக்குப் போவதில்லை. அவ இருந்ததைப் பார்த்த பிறகு இரண்டு பேர் பேசாமல் ஏறினார்கள், இன்னொரு படகிலும் இரண்டு பேர். எஞ்சின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு வெள்ளைக்குள் போய்விட்டது.

செயலாளரைக் கரையில் விட்டுவிட்டு நான் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, போனில் அவர்களுக்குப் புள்ளி நிற்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். புள்ளி இன்னும் ஒருமுறை வந்தது, முந்தியதைவிடத் தள்ளி, ஆழப்பக்கமாக. அதற்குப் பிறகு வரவில்லை. கொஞ்சத்தில் படகில் போனவர்களின் போனும் எடுபடாமல் போய்விட்டது. அறையில் நானும் மாதாவும்தான். ஜன்னலைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குலதெய்வத்தையும் கூப்பிட்டேன், சுவரில் இருந்த மாதாவையும் கூப்பிட்டேன், அந்த நேரத்தில் எனக்கு வேற்றுமை தெரியவில்லை.

எஞ்சின் சத்தம் திரும்பிக் கேட்டபோது கரைக்கு ஓடினேன். முதலில் ஒரு நிழல் தெரிந்தது, பிறகு அடுத்தது. இரண்டாவதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்த மூன்றாவது படகு, பின்பக்கம் தண்ணீருக்குள் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கியபடி வந்தது. தூக்கியிருந்த அந்த அணியத்தில் இலக்கம் துலக்கமாகத் தெரிந்தது. கரையில் நின்றவர்கள் தங்களையறியாமல் பின்னுக்குப் போனார்கள்.

ஆள் அக்காவின் மடியில் தலை வைத்துக் கிடந்தான். அவவின் தம்பி.

கண்காணாத இடத்தில் விட்டதாகச் சொன்னானே தவிர, விடவில்லை. சொந்தப் படகில்லாமல் கூலிக்குப் போய் அலுத்தவன். நல்ல படகை வீணே உக்கவிட மனம் வராமல் தூர ஒரு கரையில் வைத்து ஓட்டை அடைத்துத் திருத்தியிருக்கிறான். ஊருக்குச் சொன்னால் விடமாட்டார்கள், அக்கா அழுவா என்று யாருக்கும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் முதல் முறை கடலுக்கு இறக்கினானாம். எஞ்சின் நின்றது, அடைத்த ஒட்டு விட்டது, புகார் மூடியது. யாரையும் கூப்பிட்டால் எடுபடவில்லை. போனில் எங்கள் பக்கம் மட்டும் திறந்தது.

அக்கா அவனுக்குக் கன்னத்தில் ஓர் அடி போட்டா. பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதா, அதுவரை வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது.

அலுவலகத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவன் பிளேன்ரீ குடித்தான். பல் கிளாசில் பட்டுச் சத்தம் போட்டது. இலக்கத்தைத்தான் பக்கம் ஏற்கவில்லையே, வேறு ஏதாவது ஓர் இலக்கத்தைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று செயலாளர் கேட்டார்.

“வேறை ஆற்றையும் நம்பரைப் போட்டா அந்த வீட்டுச் சனம் குழறி அழுமே அண்ணை” என்றான். “நான் பிழையா அடிக்கிறன் எண்டுதான் முதல் நினைச்சனான். அணியத்தை எட்டி எட்டிப் பாத்து அடிச்சன்.”

பிறகு இந்தப் பக்கத்தைச் செய்தது நான்தான் என்று யாரோ சொல்ல, போனை என்னிடம் நீட்டினான். “மிஸ், இதைக் கொஞ்சம் பாருங்கோ. ஒவ்வொருக்காலும் இதுதான் வந்தது.” அவன் அதைப் படமெடுத்து வைத்திருந்தான்.

அந்த வரியை நான் எழுதவில்லை, செயலாளரும் அதைக் கடலில் இருப்பவனுக்காக எழுதவில்லை. இலக்கத்தை மூடும்போது பதிவில் காரணம் எழுத ஓர் இடம் வைத்திருந்தேன். செயலாளர் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். மூடிய இலக்கத்தை யாரும் அடிக்கப்போவதில்லை என்ற நினைப்பில், அந்தக் காரணத்தை அப்படியே எடுத்துச் சிவப்பில் காட்டும்படி நான் நிரல் எழுதியிருக்கிறேன். ஒரு சோம்பேறித்தனமான வரி, அவ்வளவுதான். போனில் இப்படி இருந்தது:

‘ஏற்க முடியாது. இந்தப் படகுக்காரர் கடலில் இறந்துவிட்டார்.’

“முதல் தரம் வாசிக்கேக்கை அத்தானைச் சொல்லுது எண்டு விளங்கேல்லை” என்றான். “திரும்பத் திரும்ப அதுதான் வந்தது. சுத்திவர ஒண்டும் தெரியேல்லை மிஸ், சத்தமும் இல்லை. கையைக் கிள்ளிப் பாத்தன், விறைச்சுப் போய் நோகேல்லை. அப்ப, நான் செத்திட்டன் போலை, எனக்குத்தான் தெரியேல்லை எண்டு நினைச்சன்.” கொஞ்சம் நிறுத்தினான். “அதோடை தண்ணி இறைக்கிறதை விட்டிட்டன்.”

அக்கா அவனுடைய போர்வையை இழுத்து மூடிவிட்டா. கொஞ்சம் பொறுத்துச் சும்மா ஒருதரம் அமத்திப் பார்த்ததாகச் சொன்னான். அப்போது சிவப்பு எழுத்து வரவில்லையாம், ‘உங்கள் செய்தி கிடைத்தது, வருகிறோம்’ என்று வந்ததாம். அதை வாசித்துவிட்டுத்தான் திரும்பவும் வாளியைக் கையில் எடுத்தானாம்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் எதற்கு என்று விளங்காமல் சிரித்தான். ஸ்கூட்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ தளங்கள் செய்துவிட்டேன். ஏற்கமுடியாததைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டியிருக்கிறது, ஆனால் அந்தச் சிவப்பு வரியை எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும், அதை வாசிக்கப் போகிறவன் காலடியில் தண்ணீர் ஏற ஏற, கரை தெரியாமல், கையில் வாளியோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.